பெயரைத் திருடினால் யாருக்கு நஷ்டம்?

என் பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில், கரிசல் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ரேஷன் கடையிலும் மகளிர் குழு நோட்டிலும் மற்ற பெண்கள் மை தடவிய விரலை நீட்டும்போது, பேனாவைக் கேட்டு வாங்கி, தலையெழுத்துடன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2021இல் தன் அப்பா வழி நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது, 2007லேயே தன் மூன்றில் ஒரு பங்கை அண்ணன் தம்பி இருவருக்கும் விட்டுக்கொடுத்து அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பது தெரியவந்தது. நகல் எடுத்தோம். எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர். அதன் மேல் ஒரு இடது பெருவிரல் ரேகை. பக்கத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் வேறு யாரோ ஒரு பெண்.

"ஏய்யா, எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும்லா? நான் எதுக்கு ரேகை வைக்கப் போறேன்?" என்று பெரியம்மா காவல் நிலையத்தில் கேட்டார். மனுவை வாங்கிப் படித்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, உங்களை யாரும் ஏமாத்தலையே. ஏமாந்தது ரிஜிஸ்ட்ரார். உங்களுக்கு நெலம் போச்சுன்னா அது சிவில் மேட்டர். கோர்ட்டுல பாத்துக்கிடுங்க."

அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பின்னால் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தபோது, அவர் அலட்சியமாகச் சொன்ன அந்த வாக்கியம் நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாற்றின் சுருக்கம் என்று புரிந்தது. ஒருவரின் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு பணம் பார்த்தால், பெயருக்குரியவர் அந்தக் குற்றத்தில் யார்? பாதிக்கப்பட்டவரா, சாட்சியா, அல்லது சம்பந்தமே இல்லாதவரா? இந்தக் கேள்விக்கு நம் சட்டம் வெகுகாலம் தந்துவந்த பதில் பெண்களுக்கு எப்படி வந்து முடிந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 415ஆம் பிரிவு ஏமாற்றுதலையும் 416ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலையும் வரையறுத்தன. தண்டனை 419ஆம் பிரிவில்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 415இன் நடுவில் நிற்பவர் ஏமாற்றப்பட்டவர். அவரை நம்பவைத்து ஒரு பொருளைக் கொடுக்கச் செய்திருக்க வேண்டும். அல்லது அவருக்கே தீங்கு வரும் ஒரு காரியத்தை அவரைச் செய்யவைத்திருக்க வேண்டும். யாருடைய பெயரைச் சொல்லி நம்பவைத்தார்களோ, அவருக்கு இந்த வரையறையில் இடமில்லை.

416இன் விளக்கக் குறிப்பு இன்னும் வெளிப்படையானது. யாராக நடித்தாரோ அந்த ஆள் உண்மையில் இருப்பவரானாலும் சரி, கற்பனையில் உண்டாக்கப்பட்டவரானாலும் சரி, குற்றம் குற்றமே என்கிறது அது. கூடவே இரண்டு உதாரணங்கள். ஒருவன் அதே பெயருடைய பணக்கார வங்கி முதலாளியாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். இன்னொருவன் இறந்துபோன ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். எமாற்றுக்காரன் தப்பிவிடக் கூடாது என்ற நோக்கத்தில் எழுதப்பட்ட நல்ல குறிப்புதான். ஆனால் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது. உயிரோடு இருக்கிற, கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு பெண்ணும், செத்துப்போன ஒருவனும், பிறக்கவே பிறக்காத ஒருவனும் இந்தப் பிரிவின் முன்னால் சமம்.

ஆள்மாறாட்டக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. அகலிகையிடம் கௌதமன் உருவில் இந்திரன் வந்தான். ஏமாந்தவள் கல்லானாள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரான்சில் மார்த்தேன் கேர் என்ற விவசாயி ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, அவனுடைய பெயரில் வேறொருவன் வந்து அவன் மனைவி பெர்த்ராந்துடன் குடும்பம் நடத்தினான். 1560இல் துலூஸ் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தபோது, பெர்த்ராந்துக்கு உண்மை தெரிந்திருக்குமா என்ற சந்தேகம் அவள் மீதும் விழுந்தது. நானூறு ஆண்டுகள் ஆகியும் வரலாற்று ஆசிரியர்கள் அதை விட்டபாடில்லை.

வங்காளத்தின் பாவல் ஜமீன் வழக்கு நம் நாட்டில் மிகப் பெயர்பெற்றது. 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ராமேந்திர நாராயண ராய் தானே என்று 1921இல் ஒரு சந்நியாசி டாக்காவில் வெளிப்பட்டார். குத்தகைக்காரர்கள் நம்பினார்கள், அக்கா நம்பினார். மனைவி விபாவதி தேவி நம்பவில்லை. விசாரணை நீதிமன்றம் 1936இலும், கல்கத்தா உயர் நீதிமன்றம் 1940இலும், லண்டன் பிரிவி கவுன்சில் 1946இலும் சந்நியாசியின் பக்கமே தீர்ப்புச் சொல்லின. விபாவதி கடைசிவரை அவரைக் கணவர் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் சொன்னது உண்மையா, சொத்துக்காகச் சகோதரர் சொல்லிக்கொடுத்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் தரப்பில்லை. ஒரு ஆணின் அடையாளத்தை நிறுவ, உடம்பின் மச்சம் தழும்பு முதற்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை நீதிமன்றம் பொறுமையாகக் கேட்டது என்பது மட்டும் மனதில் நிற்கிறது.

இங்கிலாந்திலும் இதே போல் ஒரு டிச்போர்ன் வழக்கு. கடலில் மூழ்கிப்போன வாரிசு நான்தான் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கசாப்புக்காரர் வந்தார். 1874இல் அவர் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட அதே ஆண்டில், சொத்துக்காக ஆள்மாறாட்டம் செய்வதற்கென்றே அங்கே தனிச்சட்டம் வந்தது. யார் யாராக நடிப்பது குற்றம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: எந்த ஆளாகவும், அல்லது அந்த ஆளின் வாரிசாக, மனைவியாக, விதவையாக. பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட இடத்திலும் அவள் இன்னொருவரின் மனைவியாக, விதவையாகத்தான் வந்தாள்.

இந்தக் கதைகளில் எல்லாம் பெண் ஏமாந்தவள், அல்லது சாட்சி, அல்லது உடந்தை. அவள் பெயரையே ஒருவர் திருடிக்கொண்டு போன கதை அபூர்வம். காரணம் எளிது. திருடும் அளவுக்கு அந்தப் பெயரில் எதுவும் இருந்ததில்லை. இருந்த இடங்களில் திருட்டு உடனே வந்தது.

அப்படி ஒரு வழக்கு 1867இல் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஷம்சுன்னிசா பேகம் என்ற பெண்ணிடம் கம்பெனிப் பத்திரங்கள், அதாவது இன்றைய அரசுக் கடன் பத்திரங்கள் போன்றவை இருந்தன. அவை கணவர் கைக்குப் போய்விட்டன. மனைவி எழுதிக் கொடுத்தாள் என்றார் கணவர். வீட்டை விட்டு வெளியே வராத, கோஷா முறையில் வாழும் பெண்ணிடமிருந்து எழுதி வாங்கினால், அவள் அறிந்து புரிந்துதான் எழுதிக் கொடுத்தாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது என்று பிரிவி கவுன்சில் சொன்னது. மனைவியை வீட்டுக்கு அனுப்பும்படி கணவர் போட்டிருந்த வழக்கும் அதே நேரத்தில் அதே மன்றத்தில் விசாரிக்கப்பட்டது. காகிதத்தையும் கேட்டார், ஆளையும் கேட்டார்.

பின்னாளில் வளர்ந்த கோஷாப் பெண்கள் பற்றிய சட்டக் கோட்பாட்டுக்கு இது ஒரு அடித்தளம். பதிவுச் சட்டமும் இதே வழியில் போனது. அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சட்டம் விலக்கு அளித்தவர்களின் வீட்டுக்குப் பதிவு அதிகாரியே போகலாம். போய் என்ன செய்வார்? திரைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். அது இன்னாருடைய குரல்தான் என்று வீட்டு ஆண்கள் இருவர் சொல்வார்கள். இன்றைக்கும் நம் பத்திரங்களில் 'அடையாளம் காட்டியவர்கள்' என்று இருவர் கையெழுத்துப் போடுகிறார்களே, அதன் வேலை அதுதான். திரை போய்விட்டது; அடையாளம் காட்டுகிறவர்கள் அப்படியே இருக்கிறார்கள். பெரியம்மாவின் பத்திரத்திலும் இருவர் காட்டியிருந்தார்கள்.

இந்தப் பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கோஷா என்பது வசதியுள்ள வீடுகளின் வழக்கம். பருத்திக்கும் மிளகாய்க்கும் களையெடுத்து, வெயிலில் கரிசலை மிதித்து நடக்கிற பெண்ணுக்கு ஏது திரை? எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும் என்று நீதிமன்றங்கள் படிப்படியாகத்தான் நீட்டின. அதுவும் சிவில் வழக்கில், பத்திரம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு மட்டும். குற்றவியல் சட்டம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடையாளத்துக்கு உடம்பையே சாட்சியாக்கும் ரேகை முறையும் இந்த நாட்டில் பிறந்ததுதான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்து வாங்கினார். பிற்பாடு "இது என் கையெழுத்து இல்லை" என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. 1877இல் ஹூக்ளியில் அதே ஹெர்ஷல் ஓய்வூதியம் வாங்குவோருக்கும் பத்திரம் பதிவோருக்கும் விரல் ரேகை முறையைக் கொண்டுவந்தார். செத்துப்போன ஓய்வூதியக்காரர் பெயரில் வேறு யாரும் வந்து பணம் வாங்கிவிடக் கூடாது அல்லவா? 1899இல் சாட்சியச் சட்டத்தில் ரேகை நிபுணரின் கருத்தும் சேர்க்கப்பட்டது.

கவனித்தால், ரேகை முதலில் காப்பாற்றியது கஜானாவை. பதித்தவர் மறுக்காமல் இருக்கத்தான் அது வந்தது. பதிக்காதவரைக் காக்க வரவில்லை. தென் மாவட்டங்களில் ரேகை என்ற சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே மக்கள் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஆண்களின் விரலை அரசு வலுக்கட்டாயமாகப் பிடித்து மையில் அழுத்திய ஊர்களில், பெண்ணின் விரலைப் பத்திரத்தில் வைக்க வீட்டு ஆண்கள் பிடித்தார்கள். கேட்காமல் வைக்கச் சொன்னார்கள். அல்லது அவளை அழைக்காமலே வைத்துக்கொண்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவுகளைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இல்லாமல் போயின. கடுமையான முடிவுதான். ஆனால் பெண்ணின் பெயர் அவளுக்கே உரிய ஒன்று, அது இல்லாமல் அவள் குடிமகள் ஆக முடியாது என்று அரசு உறுதியாகச் சொன்ன தருணங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பெயருக்குச் சொத்து வந்தது 1956இல். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல். அதுவும் அதற்கு முன் கல்யாணம் ஆகிப்போன மகள்களுக்கு இல்லை. நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதல். அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில்தான் தீர்த்துவைத்தது. இருக்கத் தேவையில்லை என்று.

ஒவ்வொரு சட்டமும் வந்தபோது நாம் கொண்டாடினோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் பெண்ணின் கையெழுத்துக்கு ஒரு விலையையும் கூட்டிக்கொண்டே போனது. முன்பு மகளைக் கேட்காமலே நிலத்தை விற்கலாம். இப்போது வாங்குகிறவரின் வக்கீல், "தங்கச்சி கையெழுத்து எங்கே?" என்று கேட்கிறார். அதற்கு ஊரில் பல வழிகள் உண்டு. பெரும்பாலும் அழைத்து வந்து, அழுது, "பொறந்த வீட்டு வாசல் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். சீர்செனத்திதான் செய்தாயிற்றே என்று சொல்லி வாங்குவார்கள். வாரிசுச் சான்றில் மகள் பெயரையே விட்டுவிடுவார்கள். இவை எதுவும் முடியாதபோது, அல்லது கேட்கக் கூச்சமாக இருக்கும்போது, வேறொரு பெண்ணை அழைத்துப்போவார்கள். பெரியம்மாவின் கதை கடைசி வகை. தன்னிடம் நேரில் கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பேன் என்று அவர் ஒருமுறை சொன்னார். எனக்கு அதைக் கேட்டபோது ஆத்திரமாக இருந்தது. அவருக்குத் தன்னைக் கேட்கவில்லை என்பதே பெரிய இழப்பாக இருந்தது.

நீதிமன்றங்கள் இந்த இழப்பை எப்படிப் பார்த்தன? 2009இல் பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கு. தன் நிலத்தை இன்னொருவர் தனதென்று சொல்லி விற்றுவிட்டதாக உரிமையாளர் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஏமாற்றப்பட்டதாகப் புகார் சொல்ல வேண்டியவர் நிலத்தை வாங்கியவர், உரிமையாளரை யாரும் ஏமாற்றவில்லை. விற்றவர் தன் சொந்தப் பெயரில்தான் கையெழுத்திட்டார் என்பதால் அது பொய் ஆவணமும் இல்லை. உரிமையாளர் போல நடித்து எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு என்றும் தீர்ப்பு சொன்னது.

அந்த வேறு கதையும் வந்தது, தமிழ்நாட்டிலிருந்தே. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. ஒரு பெண்ணின் நிலம். அவர் பெயரில் வேறொருவரை நிறுத்தி, ஒருவர் தனக்குப் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அதை வைத்து நிலத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். கீழ்நீதிமன்றங்கள் பொய்யாவணக் குற்றத்துக்குத் தண்டித்தன. உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. ஏனென்றால் சட்டப்படி பொய் ஆவணத்தைச் 'செய்தவர்' அதில் கையெழுத்திட்டவர்தான். பவர் வாங்கியவர் அல்ல. அந்த நிலத்துக்காரப் பெண்ணாக நடித்தவர் யார் என்பதைக் காவல் துறை கண்டுபிடிக்கவே இல்லை. விசாரணையின் குறைபாட்டை நீதிபதிகள் வருத்தத்தோடு குறிப்பிட்டார்கள். கூட்டுச்சதி, உடந்தை என்று வேறு பிரிவுகள் உண்டு. ஆனால் கையை வைத்த ஆள் இல்லாமல் அவற்றை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள்.

இந்தத் தீர்ப்பைப் படித்ததிலிருந்து, நடித்த அந்த ஆளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. மதிப்புள்ள ஆவணத்தைப் பொய்யாகச் செய்தால் தண்டனைச் சட்டத்தின் 467ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகலாம். அந்தக் கனம் முழுவதும் முதலில் இறங்குவது விரலை வைத்த பெண் மேல். நிலம் அவளுக்குப் போவதில்லை. அன்றைக்கு ஒருநாள் கூலியும் சாப்பாடும் கிடைத்திருக்கலாம். எந்தப் பத்திரத்தில் விரல் வைத்தோம் என்றுகூட அவளுக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். பெயர் போன பெண்ணைச் சட்டம் காணவில்லை. பெயரைப் போட்டுக்கொண்ட பெண்ணை மட்டும் நன்றாகக் காண்கிறது, அவள் கிடைத்தால்.

பெயருக்குரியவரையே பாதிக்கப்பட்டவராகப் பார்க்கும் சட்டம் உலகில் வெகு தாமதமாக வந்தது. அமெரிக்காவில் 1998 வரை, ஒருவர் பெயரில் மற்றவர் கடன் வாங்கினால் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் நஷ்டப்பட்டது கடன் கொடுத்த வங்கிதான். அந்த ஆண்டு வந்த அடையாளத் திருட்டுத் தடுப்புச் சட்டம்தான் அதை மாற்றியது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் திருத்தம் செய்து, 2009 அக்டோபர் 27 முதல் 66சி என்ற பிரிவு வந்தது. இன்னொருவரின் மின்னணுக் கையொப்பத்தையோ, கடவுச்சொல்லையோ, அவருக்கே உரிய வேறு அடையாளக் கூறையோ நேர்மையற்ற நோக்கத்தில் பயன்படுத்தினாலே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். யார் ஏமாந்தார், யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற கேள்வி முன்வாசலில் நிற்கவில்லை. அடையாளத்தை எடுத்ததே குற்றம். காவலரின் வாக்கியத்துக்கு முதன்முறையாக ஒரு பதில். ஆனால் அது கணினி, கைப்பேசி வழி நடக்கும் குற்றங்களுக்கென்று வந்த சட்டம். காகிதத்தில் மை தடவி வைத்த பெருவிரலுக்கு அதில் இடம் தேட முடியாது.

அடுத்து ஆதார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தைத் தண்டிக்கிறது. அதிலும் அதே பழைய சொற்கள்: இறந்தவரோ உயிரோடிருப்பவரோ, உண்மையானவரோ கற்பனையானவரோ. 1860இன் வாசனை போகவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் 47ஆம் பிரிவில் இருந்தது. ஆதார் ஆணையம் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுக்கலாம். அதாவது உங்கள் ரேகை, உங்கள் கண், உங்கள் பெயர். புகார் கொடுக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இல்லை. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட தனிமனிதருக்கும் அந்த உரிமை வேண்டும் என்றது. 2019 திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டது.

இது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தீப்பெட்டி ஒட்டுகிற, தோட்ட வேலைக்குப் போகிற பெண்ணின் பெயருக்கு வங்கியில் ஒரு மதிப்பைக் கொண்டுவந்தன. பின்னாலேயே நுண்கடன் கம்பெனிகள் வந்தன. ஆதார் நகல், இரண்டு போட்டோ, குழுவில் பத்துப் பேர். அந்த நகல் எத்தனை கைகளில் கிடக்கிறது என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கோடு இணைத்த கைப்பேசி எண் பெரும்பாலும் கணவருடையது, இல்லை மகனுடையது. ஓடிபி வருவது அங்கே. தான் வாங்காத கடனுக்கு வசூல்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தன் பெயரில் கடன் இருப்பதே அவளுக்குத் தெரியவரும். கடனைக் கொடுத்த நிறுவனம் தன்னை ஏமாந்தவர் என்று சொல்லிக்கொள்ளும். அவளை ஏமாற்றியவர் பட்டியலில் வைத்துப் பேசும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது ஆள்மாறாட்டம் 319ஆம் பிரிவுக்குப் போனது. மூன்று ஆண்டு ஐந்தாண்டு ஆனது. உண்மையானவரோ கற்பனையானவரோ என்ற குறிப்பு அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. எண் மாறிய இடத்தில் பார்வையும் மாறியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பதிவுச் சட்டத்தில் மாநிலம் செய்த திருத்தம் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. போலி ஆவணங்களைப் பதிய மறுக்க ஒரு பிரிவு. ஏற்கெனவே பதிந்தவற்றை மாவட்டப் பதிவாளரே விசாரித்து ரத்து செய்ய 77ஏ என்ற இன்னொரு பிரிவு. பெரியம்மா போன்றவர்களுக்கு அது பெரிய கதவாகத் தெரிந்தது. சிவில் நீதிமன்றத்தில் சொத்து மதிப்புக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டி வருஷக்கணக்காக நடக்க வேண்டாமே. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தும் பலர் மனுவோடு போனார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் 77ஏ செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது பதிவாளரின் வேலை இல்லை என்பது அதன் சாரம். இதில் எனக்கு இரண்டு மனசு. ஒரு பதிவாளரால் போலிப் பத்திரத்தை ரத்து செய்ய முடியும் என்றால், அண்ணன்மார் மனு கொடுத்து மகளுக்கு அப்பா எழுதிவைத்த நல்ல பத்திரத்தையும் ரத்து செய்ய வைக்க முடியும். ஆனாலும் அந்தக் கதவு சாத்தப்பட்டபோது பெரியம்மாவுக்கு மிஞ்சியது காவலர் அன்றைக்குச் சொன்ன இடம்தான்.

அங்கேதான் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பெரியம்மா பஸ் ஏறிப் போகிறார். ஒருநாள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, பைக்குள்ளிருந்து பத்திர நகலை எடுத்து, அந்தப் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நகலின் நகல் என்பதால் முகம் கறுத்துத் தெளிவில்லாமல் இருந்தது. சேலை முந்தானையை இழுத்து மூடி, கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் குனிந்திருந்தாள் அந்தப் பெண்.

"என் வயசுதான் இருக்கும் இவளுக்கும்," என்றார் பெரியம்மா. "கழுத்துல ஒண்ணும் இல்ல, பாரு. பேரு என்னவோ பாவம்."

உள்ளே டவாலி கூப்பிட்டார். பெரியம்மா நகலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தன் பெயர் கேட்ட பக்கம் எழுந்து போனார்.